அவன் ஏன் படுக்க மறுத்தான்

2008-ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். மழை விட்டு, மாலை இருட்டத் தொடங்கிய நேரம். ஒரு நான்கு சக்கர வண்டியின் பின்தட்டில் அவனைக் கொண்டுவந்தார்கள். வயது 24. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, தோட்டச் சாலை பெரிய சாலையோடு சேரும் வளைவில், விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த பழ லாரியின் பின்பக்கத்தில் மோதியிருக்கிறான். தலையில் கவசம் இருந்தது. முகத்தை மூடாத பாதிக் கவசம்.

பின்தட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அக்காள் பின்னாலிருந்து அவனை இடுப்போடு கட்டிப் பிடித்திருந்தாள். தலை முன்னே குனிந்திருந்தது. இரத்தமும் எச்சிலும் நூல் நூலாக வடிந்து அவன் மடியை நனைத்திருந்தன. மோவாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி தெரிந்தது.

மலேசியாவின் தெற்குப் பேராக்கில், சுற்றிலும் செம்பனை சூழ்ந்த ஒரு சிறிய ஊரின் மருத்துவமனையில் நான் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெரும்பகுதி அவசரப் பிரிவில். பதவியின் பெயர் உதவி மருத்துவ அதிகாரி. ஆனால் தோட்டத்து மக்களுக்குக் கடைசிவரை நான் டிரெசர்தான். அன்றைக்கு எனக்கு வேலையில் 11 ஆண்டு அனுபவம் இருந்தது. விபத்து என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது கைக்குப் பழகிப்போயிருந்தது: மல்லாக்கப் படுக்கவை, கழுத்துக்குப் பட்டை போடு, ஊசி ஏற்று. அதைத்தான் செய்தேன்.

அவன் படுக்க மறுத்தான். தோளை அழுத்தினால் திமிறி எழுந்தான். பேச்சு வரவில்லை, ஒரு முனகல்தான் வந்தது. கையை வீசினான். ஒரு தாதியின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அன்று சம்பள நாள். குடித்திருப்பான் என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் நினைத்தோம். நானும்தான். அடக்குவதற்கு மயக்க மருந்து போட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். மூன்று பேர் சேர்ந்து அவனைப் படுக்கையோடு அழுத்தினோம்.

முனகல் நின்றது. திமிறல் நின்றது. ஒரு கணம், அப்பாடா அடங்கிவிட்டான் என்றுகூடத் தோன்றியது. பிறகுதான் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கருவி 71 விழுக்காடு என்று காட்டியது.

கதவருகில் நின்ற அக்காள் கத்தினாள்: "டிரெசர் ஐயா, உட்கார வையுங்கள்! வழியெல்லாம் அவன் உட்கார்ந்துதான் வந்தான்! படுக்க வைத்தபோதெல்லாம் மூச்சு நின்றது!"

உட்கார வைத்தோம். முன்னே குனிய வைத்து, உறிஞ்சு குழாயால் வாய்க்குள் இருந்த கட்டி இரத்தத்தை எடுத்தேன். துணி சுற்றிய விரல்களால் முன்பற்கள் இருந்த எலும்புத் துண்டைப் பிடித்து முன்னால் இழுத்தேன். உள்ளே காற்று போகும் ஓசை கேட்டது. அந்த ஓசையை நான் இன்னும் மறக்கவில்லை. பணியில் இருந்த மருத்துவர் ஓடிவந்தபோது எண் 90-ஐத் தாண்டியிருந்தது.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாக்கு வாய்க்குள் தானாக நிற்பதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் மோவாயின் உட்புறத்து எலும்பில் பற்றியிருக்கின்றன. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்தால், நடுவில் இருக்கும் மோவாய்த் துண்டு தனியாகக் கழன்றுவிடுகிறது. மல்லாக்கப் படுத்தால் அந்தத் துண்டு பின்னால் சரிகிறது, நாக்கும் கூடவே சரிந்து தொண்டையை அடைக்கிறது. போதாததற்கு இரத்தம் வேறு. உட்கார்ந்து முன்னே குனிந்தால் நாக்கும் எலும்பும் தம் எடையாலேயே முன்னே வருகின்றன, இரத்தம் வெளியே வடிகிறது. அவன் யாரிடமும் படித்துக்கொள்ளாமல் இதைத் தெரிந்து வைத்திருந்தான். அவன் உடம்பு அவனுக்குச் சொல்லியிருந்தது. நாங்கள் அதைக் குடிவெறி என்று எண்ணி, அவன் தேடிக்கொண்ட ஒரே வழியையும் பிடுங்கினோம்.

அவன் அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று அக்காள் பிறகு சொன்னாள். குடித்திருந்தாலும் என் தவறு தவறுதான். மூச்சுக்குத் திணறுகிறவன் போதையில் இருப்பவனைப் போலத்தான் நடந்துகொள்வான். முகத்தில் அடிபட்ட ஒருவர் படுக்க மறுத்தால், அதை முரண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சு அடைக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. அடக்குவதற்கு ஊசி போட்டிருந்தால் அவன் இன்று இல்லை.

கழுத்து என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாடை உடையும் அளவுக்கு அடி பட்டவருக்குக் கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும்வரை கழுத்தைத் திருப்பவோ வளைக்கவோ கூடாது. நினைவோடு இருப்பவரை அவர் விரும்பும் நிலையில் உட்கார விட்டு, பின்னாலிருந்து ஒருவர் இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் தாங்கிக்கொள்ளலாம். நினைவில்லாதவர் என்றால் உட்கார வைக்க முடியாது. தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க, இரண்டு மூன்று பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவது போல ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாய் தரையைப் பார்க்கட்டும். கழுத்துக்காக மூச்சைப் பலி கொடுக்கக் கூடாது. மூச்சு நின்ற பிறகு கழுத்தைக் காத்து என்ன பயன்?

அன்றிரவு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனை ஆம்புலன்சில் கொண்டுபோனோம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம். படுக்கையின் தலைமாட்டை நிமிர்த்தி, மடியில் இரண்டு தலையணை போட்டு, அதன்மேல் கவிழ்ந்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். மோவாய்த் துண்டை நான் ஒரு கையால் பிடித்திருந்தேன். விரல் மரத்துப்போனபோது தாதி மாற்றிப் பிடித்தார். நடுவழியில் வாந்தி எடுத்தான். கருத்த இரத்தம், ஒரு கிண்ணம் நிறைய. அத்தனையும் அவன் விழுங்கியது. மூக்கிலும் வாயிலும் அடிபட்டவர் எவ்வளவு இரத்தம் இழந்தார் என்பதை வெளியே சிந்தியதை வைத்துக் கணக்கிட முடியாது. பாதி வயிற்றுக்குள் போயிருக்கும். வயிறு இரத்தத்தைத் தாங்காது, எப்போது வேண்டுமானாலும் வாந்தி வரும். அந்த நேரத்தில் மல்லாக்கக் கட்டிப்போட்டிருந்தால் அது நேராக நுரையீரலுக்குள் இறங்கும். ஆம்புலன்சில் போகும்போது உறிஞ்சு குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்பே நான் பார்க்கத் தொடங்கியது அந்த இரவிலிருந்துதான்.

ஈப்போவில் மயக்க மருத்துவர்கள் அவசரப்படவில்லை. அறுவை அறைக்குள் கொண்டுபோய், வாய் வழியாகக் குழாய் போகவில்லையென்றால் தொண்டையின் முன்பக்கம் வெட்டி மூச்சுக்கு வழி செய்ய மற்றொருவர் கத்தியோடு தயாராக நின்ற பிறகுதான் தொடங்கினார்கள். உடைந்த முகத்தில் ஆக்சிஜன் மூடி சரியாகப் பொருந்தாது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதும் கடினம். ஒருமுறை மயக்கிவிட்டால் திரும்பிவர வழியிருக்காது. சிறிய ஊரில் வேலை செய்யும் என் சக ஊழியர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்வரை அதை அவர் கையிலேயே விடுங்கள். பறித்தால் திருப்பித் தர உங்களால் முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே இன்னொன்றும் தெரிந்தது. அவன் வாயில் மூன்று பற்கள் இல்லை. இரண்டு பற்களை அக்காள் சாலையில் தேடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். மூன்றாவது எங்கே என்று நான் கேட்கவே இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் அது வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் இருந்தது. குழாய்க் கருவி விட்டு எடுத்தார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் சில நாள்களில் சீழ் பிடித்துக் காய்ச்சலில் விழுந்திருப்பான். அன்றிலிருந்து முகக்காயம் என்றால் பற்களை எண்ணுகிறேன். கையில் கிடைத்தது எத்தனை, வாயில் இருப்பது எத்தனை, கணக்கு நேராகவில்லையென்றால் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்காமல் விடுவதில்லை. கட்டிய செயற்கைப் பல்லையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கைக்குட்டையில் முடிந்த அந்த இரண்டு பற்களும் வீணாயின. காய்ந்துவிட்டன. விழுந்த நிலைப்பல்லை அரை மணி நேரத்துக்குள் அதே குழியில் திருப்பி வைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் இறந்துவிடும். வேரைத் தொடாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் ஒருமுறை நீரில் அலசுங்கள், தேய்க்காதீர்கள். நினைவு தெளிவாக உள்ளவரென்றால் அங்கேயே குழியில் வைத்து மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். நம் வீடுகளில் தேநீருக்கு வைத்திருக்கும் டின் கெட்டிப்பால் இதற்கு ஆகாது. சாதாரணப் பால் வேண்டும், கடையில் பெட்டியில் கிடைப்பதும் போதும். குழந்தைகளின் பால்பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல் கெட்டுவிடும்.

இரண்டு வாரம் கழித்து அவன் மேல்தாடையும் கீழ்த்தாடையும் கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்ட நிலையில் ஊருக்கு வந்தான். 6 வாரம் கஞ்சியும் சூப்பும் உறிஞ்சு குழலில்தான். ஈப்போவில் கையோடு ஒரு சிறிய கம்பி வெட்டும் குறடு கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாந்தி வந்து மூச்சு அடைத்தால் கம்பியை வெட்ட வேண்டும். எந்தக் கம்பியை என்று அக்காளுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை மஞ்சள் கயிற்றில் கோத்துத் தம்பியின் கழுத்தில் போட்டுவிட்டாள். தூங்கும்போதும் கழற்ற விடவில்லை. இப்போது பெரும்பாலும் உள்ளே தகடு வைத்து விடுகிறார்கள், தாடையை முழுக்கக் கட்டும் தேவை குறைந்திருக்கிறது. ஆனால் கட்டி அனுப்பினால் குறடு கேட்டு வாங்குங்கள். அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

அந்த இரவுக்குப் பிறகு நான் முகக்காயங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இரத்தத்தைக் கண்டால் எல்லோருடைய கண்ணும் இரத்தத்திலேயே நின்றுவிடுகிறது. முகத்துத் தோலுக்கு இரத்த ஓட்டம் மிக அதிகம், சின்னக் கீறலும் பயமுறுத்தும். ஆனால் தோல் நன்றாக ஆறும். உள்ளே நடப்பதுதான் ஆளைக் கொல்வதும் கண்ணைக் கெடுப்பதும். 1901-இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், இறந்தவர்களின் தலைகளில் அடித்துப் பார்த்து, நடுமுக எலும்பு எந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார். வெளித்தோலில் பெரிதாக எதுவும் தெரியாமலே உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கலாம் என்பதையும் அவர் கண்டார். இன்றும் அந்தப் பெயரில்தான் அந்த முறிவுகளைச் சொல்கிறோம்.

2014-இல் ஓர் அம்மா வந்தார். உதிரிப் பழம் பொறுக்குபவர், வயது 52. மேலே வெட்டிய மட்டையின் அடிப்பகுதி கன்னத்தில் விழுந்துவிட்டது. இரத்தம் இல்லை. கன்னம் வீங்கி, இடது இமை பலாச்சுளை போல மூடிக்கிடந்தது. பார்க்க நிதானமாக இருந்தார், தானே நடந்து வந்தார். அவசரமில்லாதவர்கள் காத்திருக்கும் பச்சைப் பிரிவில் உட்காரவைத்துப் பனிக்கட்டி கொடுத்தேன். வீக்கம் வடிந்த பிறகு கண்ணைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு தவறு. அன்று பணியில் ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர் இருந்தார், எங்கள் ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் இரண்டு விரலால் இமையை மெல்லப் பிரித்தார், கண்ணின்மேல் அழுத்தம் விழாமல். "எத்தனை விரல்?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு விரலே தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கண் முன்னே பிதுங்கியிருந்தது. பாவையில் விளக்கடித்தால் சுருங்கவில்லை. கண்குழிக்குப் பின்னால் இரத்தம் கசிந்து, வெளியேற இடமில்லாமல் கண் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. இப்படி நெரிபட்ட நரம்பு ஒன்றரை மணி நேரம், அதிகம் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும். ஈப்போவுக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்து, முடிவு வரும்வரை காத்திருந்தால் அந்தக் கண் போயிருக்கும்.

அவர் ஈப்போவில் இருந்த கண் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார். பிறகு எங்கள் அவசரப் பிரிவிலேயே, மரத்துப்போகும் ஊசி போட்டு, கண்ணின் வெளி ஓரத்தில் இமையை இழுத்துப் பிடிக்கும் தசைநாரை வெட்டிவிட்டார். அந்த அம்மாவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணையா வெட்டுகிறார்கள்?" என்று நடுங்கினார். "கண்ணை இல்லை அண்ணே. ஓரத்தில் கட்டியிருக்கும் கயிற்றை. கண்ணுக்கு இடம் விடுகிறார்கள்" என்றேன். சற்று நேரத்தில் அந்த அம்மா விரல்களை எண்ணினார். இரண்டு, பிறகு நான்கு. வெட்டிய இடம் பின்னால் சுலபமாக ஆறிவிட்டது.

அனுபவம் எனக்கு, அறிவு அந்தப் பெண்ணுக்கு. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கண்ணைச் சுற்றி அடிபட்டால் இமை முழுதாக மூடிக்கொள்வதற்கு முன்பே பார்வையைச் சோதியுங்கள். சம்பவ இடத்திலேயே, பக்கத்தில் இருப்பவர் யாரும் செய்யலாம்: மற்றக் கண்ணை மூடி, விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டு, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வந்ததும் "ஆறரைக்கு நான்கு விரல் தெரிந்தது, இப்போது தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் ஸ்கேனைவிட மேல். வலி கூடிக்கொண்டே போவதும், கண் பிதுங்குவதும், பார்வை மங்குவதும் சேர்ந்து வந்தால் வரிசையில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள், எழுந்து சொல்லுங்கள்.

கண் கிழிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் நேர்மாறு: தொடவே கூடாது. பனிக்கட்டி, அழுத்தம், சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். செம்பனை முள் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்குழியின் எலும்பில் படும்படி கவிழ்த்து ஒட்டி, அப்படியே கொண்டுவர வேண்டும்.

குழந்தைகளின் கண் வேறு விதமாக ஏமாற்றும். தமிழ்ப்பள்ளி ஒன்றில் படித்த 8 வயதுப் பையன், பந்து விளையாடும்போது மற்றொருவனின் முழங்கை கண்ணுக்குக் கீழே இடித்துவிட்டது. கண் சிவக்கவில்லை, வீக்கமும் மிகக் குறைவு. வாந்தி மட்டும் நிற்கவில்லை. முதலில் பார்த்த இடத்தில் தலையில் அடி என்று சொல்லி, வீட்டில் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா மறுநாள் காலை எங்களிடம் கொண்டுவந்தார். "இவன் மேலே பார்க்கவே மாட்டேன் என்கிறான் ஐயா, தலையைத்தான் தூக்குகிறான்" என்றார். நாடியைப் பிடித்தேன், 54. அந்த வயதுப் பிள்ளைக்கு அது மிகக் குறைவு. குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி போல வளைந்து பிளந்து, உடனே மூடிக்கொள்ளும். மூடும்போது கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொள்ளும். மேலே பார்க்க முயலும்போதெல்லாம் தசை இழுபட்டு, குமட்டலும் தலைச்சுற்றலும் வரும், இதயத் துடிப்பு குறையும். அதைப் பார்த்துத் தலையில் அடி என்று நினைப்பது எளிது. தசை இறப்பதற்குள், ஓரிரு நாளில் அறுவை செய்தாக வேண்டும். அம்மா கவனித்துச் சொன்ன அந்த ஒரு சொல்லால்தான் பையன் அன்றே ஈப்போவுக்குப் போனான்.

மூக்கைப் பற்றி மூன்று விஷயங்கள். அடிபட்ட பிறகு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது சளியாக இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், மூக்கைச் சிந்தாதீர்கள். நடுமுகமும் மண்டையோட்டின் அடித்தளமும் உடைந்த ஐயம் உள்ளவருக்கு மூக்கு வழியாகக் குழாய் விடக் கூடாது. உடைந்த இடம் வழியாக அது மண்டைக்குள் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. வாய் வழியாகத்தான் விட வேண்டும். மூன்றாவது சிறியதாகத் தோன்றும்: மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டுவது. இரண்டு துளைக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தால் நடுவில் மெத்தென்று ஒரு புடைப்பு தெரியும். அந்தக் குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது, அதைப் போர்த்திய சவ்விலிருந்துதான் உணவு. இரத்தம் நடுவில் தேங்கினால் சில நாள்களில் குருத்தெலும்பு செத்து, சீழ் பிடித்து, மூக்கு குதிரைச் சேணம் போலக் குழிந்துவிடும். அடிபட்ட இரண்டு மூன்று நாளில் மூக்கு மேலும் அடைத்து வலித்தால் திரும்ப வாருங்கள்.

காப்பித்தூளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்தில் காயம் என்றால் முதலில் வருவது காப்பித்தூள், அடுத்து மஞ்சள், சிலர் வீட்டில் சுருட்டுச் சாம்பல். பாட்டிமார்கள் அன்போடு அப்பியது என்பதை அறிவேன், என் நெற்றியிலும் அப்பியிருக்கிறார்கள். ஆனால் முகத்துக் காயத்தில் அது தோலுக்குள் தங்கிக் கருப்புப் புள்ளியாக நிலைத்துவிடும். சாலையில் தேய்த்த காயத்தில் புதையும் தார்த்துகளும் அப்படித்தான். முதல் நாளே தேய்த்துக் கழுவாவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து வாருங்கள், போதும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பது நினைவிருந்தால் இன்னும் நல்லது.

கன்னம் ஆழமாக வெட்டுப்பட்டால், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக மூடு, பல்லைக் காட்டு. ஒரு பக்கம் அசையவில்லையென்றால் முகத்து நரம்பு அறுந்திருக்கிறது. ஊசி போட்ட பிறகு சோதித்தால் எல்லாமே அசையாது, உண்மை தெரியாமல் போய்விடும். காதுக்கு முன்னாலிருந்து மேலுதட்டின் நடுவுக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டைக் கடக்கும் வெட்டில் உமிழ்நீர்க் குழாயும் அறுபடலாம். தையல் போட்டு அனுப்பினால் பிறகு சாப்பிடும்போதெல்லாம் கன்னம் வீங்கும், எச்சில் கசியும். உதட்டின் ஓரக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகித் தைத்தாலும் எதிரில் நின்று பேசுகிறவருக்குத் தெரியும்.

முகக்காயங்களில் ஒரு பகுதி சாலையிலும் தோட்டத்திலும் நடப்பதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி வருகிற பெண்களின் கன்ன எலும்பு, கண்ணைச் சுற்றிய கருமை, ஏற்கனவே ஆறிய பழைய தழும்பு. விழுந்தவருக்கு உள்ளங்கையிலோ முழங்காலிலோ சிராய்ப்பு இருக்கும், அவர்களுக்கு முகத்தில் மட்டும்தான் இருக்கும். கணவர் பக்கத்திலேயே நிற்பார், கேள்விக்கு அவரே பதில் சொல்வார். எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போகிறேன் என்று சொல்லி அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துப்போய், "தங்கச்சி, வீட்டுக்குப் போனால் பயமில்லாமல் இருக்க முடியுமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். பெரும்பாலானோர் முதல் முறை எதுவும் சொல்ல மாட்டார்கள். அதற்காகக் கேட்காமல் விடக் கூடாது. நம் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-இல் தொடங்கியது. மருத்துவர், சமூகநல அதிகாரி, போலீஸ் எல்லோரும் அவர் இருக்கும் இடத்துக்கே வருவார்கள். 15999 என்ற உதவித் தொலைபேசி எண்ணையும் நான் ஒரு சிறிய தாளில் எழுதி மருந்து உறைக்குள் மடித்து வைத்துக் கொடுப்பேன்.

தோட்டத்து வேலையில் நடந்த விபத்தோ, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடந்ததோ, தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவுக்குச் சொல்ல மறக்காதீர்கள். தெரிய வந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. வங்காளதேசத்துப் பையன்கள் பலருக்கு அது தெரியாது, பக்கத்து லயத்தில் இருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கையில் உடைந்த பற்களின் எண்ணிக்கையும் பார்வையின் அளவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஊரில் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகள். மோவாயில் தழும்பைத் தாடி மறைத்திருக்கிறது. கீழுதட்டின் ஒரு பக்கம் உணர்ச்சி திரும்பவில்லை, தேநீர் வடிந்தால் தெரியாது. மனைவிதான் துடைத்துவிடுவாள். முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசம் இல்லாமல் யார் அவன் பட்டறைக்கு வந்தாலும் திட்டுவான்.

போன மாதம் ஒரு மாலையில் அதே வளைவு வழியாக வந்தேன். பழ லாரி ஒன்று பழுதாகிச் சாலையோரம் நின்றது. பின்னால் எச்சரிக்கைக்கு ஒரு செம்பனை மட்டையைப் போட்டிருந்தார்கள். விளக்கு இல்லை. இருட்டில் மட்டையும் தெரியாது, லாரியும் தெரியாது. வண்டியை நிறுத்தி, ஓட்டுநரிடம் என் கைவிளக்கைக் கொடுத்து லாரியின் பின்பக்கத்தில் கட்டச் சொன்னேன். மெக்கானிக் வரும்வரை என் வண்டியின் நான்கு விளக்கும் மினுங்க, அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எட்டரைக்கு மெக்கானிக் வந்தான், அந்தத் தம்பிதான்.